அரசு கேட்காமலே ஒரு நிறுவனம் “நான் சாலை போட்டுத் தருகிறேன்” என்று வந்தால், வேலையை அதற்கே கொடுத்துவிடலாமா?

நேராகக் கொடுக்கக் கூடாது. பிலிப்பைன்ஸ் 1994-இல் கொண்டுவந்து 2023 வரை வைத்திருந்த விதியைப் பாருங்கள். அப்படி வருகிற நிறுவனம் அரசிடம் நேரடி உத்தரவாதமோ மானியமோ பங்கு முதலீடோ கேட்க முடியாது என்றது அது. அப்புறம் மூன்று வாரம் தொடர்ந்து நாளிதழில் விளம்பரம். மற்றவர்கள் போட்டிக்கு வர 60 வேலைநாள். யாராவது குறைந்த விலை சொன்னால், முதலில் வந்தவர் 30 வேலைநாளுக்குள் அதே விலைக்கு இறங்கி வேலையைத் தக்கவைக்க முடிந்தது. இதைத்தான் சுவிஸ் சேலஞ்ச் என்கிறார்கள்.

சரி, இதில் என்ன சிக்கல்? மண் பரிசோதனை, வாகனக் கணக்கு எல்லாம் முதலாமவர் கையில் இருக்கும். மற்றவர்கள் அதை 60 வேலைநாளில் எட்டிப் பிடித்தாலும் கடைசி வாய்ப்பு அவருக்குத்தான். பிறகு யார் பணம் செலவழித்துப் போட்டிக்கு வருவார்கள்? இந்தியாவில் 2015-இல், அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களை ஆராய்ந்த விஜய் கேல்கர் குழுவும் இம்முறையை ஊக்குவிக்க வேண்டாம் என்றது. யோசனை சொன்னவருக்கு ஆய்வுச் செலவைக் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவாக டெண்டர் விடுவதே நியாயம் என்பேன்.