ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன்: சில கேள்விகள், பதில்கள்

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட்சன் (1838–1886) பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பல வருடங்களாக நான் விரும்பிப் படித்துவரும் மனிதர் இவர்.

கேள்வி: பணக்கார வீட்டுப் பிள்ளை, அதனால்தான் பாரிஸில் படித்தார் என்கிறார்களே?

போகும்போது அப்படித்தான். அடிமைகளின் உழைப்பில் ஓடிய லூசியானா தோட்டம் ஒன்றில் பிறந்தவர். ஹார்வர்டு முடித்து, 1860-ல் பாரிஸின் எக்கோல் தே போசார் என்ற கலைப் பள்ளியில் சேர்ந்தார். மறுவருடமே அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடிக்க, ஊர்ப்பணம் நின்றுபோனது. தியோடர் லாப்ரூஸ்த் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வேலை பார்த்துத்தான் நாட்களை ஓட்டினார். 1865-ல் அமெரிக்கா திரும்பி, அடுத்த வருடம் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு தேவாலயம் கட்டும் வேலை கிடைத்தது. அங்கிருந்துதான் தொழில் தொடங்குகிறது.

கேள்வி: பாஸ்டன் டிரினிட்டி தேவாலயம் சதுப்பு நிலத்தில் நிற்கிறதாமே, எப்படி?

அது நிற்கும் பேக் பே பகுதி முன்பு கடல் அலை ஏறி இறங்கும் சதுப்பு. மண் கொட்டி நிரப்பிய அந்த இடத்தில்தான் இவ்வளவு கல்லையும் ஏற்றியிருக்கிறார். சுமார் 4,500 மரப் பைல்களை (அஸ்திவாரக் கம்பங்களை) அடித்து இறக்கினார்கள். நடுக்கோபுரத்தின் எடை மொத்தமும் நான்கு மூலைகளில் இறங்குவதால், அங்கே மட்டும் கருங்கல்லில் நான்கு பிரமிடுகளைக் கட்டி, அவற்றின் மேல் தூண்களை எழுப்பினார்கள்.

மரம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தால் கெடாது. காற்றுப் பட்டால் உளுத்துப்போகும். அதனால் இன்றும் அந்தப் பகுதியில் நிலத்தடி நீர்மட்டத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

கோபுரத்தை முதலில் இன்னும் உயரமாகத்தான் வரைந்தார். அந்த மண் தாங்காது என்று குறைத்து, ஸ்பெயினின் சலமாங்கா பழைய கதீட்ரல் கோபுரத்தை மனதில் வைத்து மாற்றினார். குட்டையாகப் போனதுதான் அதற்கு அழகு என்பேன். உள்ளே ஜான் லா ஃபார்ஜ் தீட்டிய சுவரோவியங்கள். 1877-ல் வேலை முடிந்தது. 1885-ல் கட்டடக் கலைஞர்களிடம் நாட்டின் சிறந்த பத்துக் கட்டடங்களைக் கேட்டபோது இதுதான் முதலிடம். பத்தில் ஐந்து ரிச்சர்ட்சனுடையவை!

கேள்வி: அவர் பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கனமான, செதுக்கி மழமழப்பாக்காத கல். அரைவட்ட ஆர்ச். ஆழமாக உள்வாங்கிய வாசல். கிராமப்புற நூலகங்களிலும் சிறிய ரயில் நிலையங்களிலும்கூட இதைப் பார்க்கலாம். பிற்பாடு பலர் கோபுரத்தையும் வளைவையும் மட்டும் நகலெடுத்தார்கள், அளவுப் பொருத்தம் கைவரவில்லை.

கேள்வி: சிகாகோவில் கட்டிய கடைதான் அவருடைய உச்சம் என்பது சரியா?

என்னைக் கேட்டால், சரி. மார்ஷல் ஃபீல்ட் என்ற வணிகரின் மொத்த விற்பனைக் கிடங்கு அது. ஒரு தெருத்தொகுதியை முழுக்க அடைத்துக்கொண்ட ஏழு மாடி. வெளிச்சுவர் பாரம் தாங்கும் கல். உள்ளே இரும்பும் மரமும். அலங்காரம் ஏறக்குறைய கிடையாது. பல மாடிகளை ஒரே உயரமான வளைவுக்குள் சேர்த்து, மேலே போகப் போகத் திறப்புகளைச் சிறிதாக்கினார், அவ்வளவுதான். இதைப் பார்த்த சிகாகோ கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவன், தன்னுடைய ஆடிட்டோரியம் கட்டடத்தின் வெளிமுகத்தையே எளிமையாக்கினார். 1930-ல் இதை இடித்து வண்டி நிறுத்துமிடமாக்கினார்கள். அந்தக் காலத்துப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கேள்வி: ஒன்றே ஒன்று போய்ப் பார்க்கலாம் என்றால் எது?

பிட்ஸ்பர்க் போங்கள். அலெகெனி கவுண்டி (மாவட்ட) நீதிமன்றமும் பக்கத்துப் பழைய சிறைச்சாலையும். நீதிமன்றத்தில் கோபுரம், முற்றம் எல்லாம் உண்டு, ஆனால் சிறையின் சுற்றுமதில் அருகே முதலில் நில்லுங்கள். பெரிய பெரிய கருங்கற்களை அடுக்கி, வேறு எதையும் சேர்க்காமல் விட்டுவிட்டார். சிறுநீரக நோய் முற்றி 1886 ஏப்ரலில் 47 வயதில் இறந்தபோது இந்த வேலையும் சிகாகோ வேலையும் பாதியில் இருந்தன. இரண்டையும் பார்க்க இன்னும் இரண்டு வருடம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவர் அலுவலகத்து ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் மூவரும் வரைபடம் மாறாமல் 1888-ல் பிட்ஸ்பர்க் வேலையை முடித்தார்கள்.