ஏப்ரல் கடைசியில் பெங்களூரில் திறந்தவெளியில் தங்கையின் வரவேற்பை வைக்கலாமா? இந்தக் கோடையில் இடி மழை அதிகம் என்று செய்தி வந்திருக்கிறதே?

வைக்கலாம். ஆனால் துணிப் பந்தலை நம்பி வைக்காதீர்கள். அல்சூரில் எங்கள் குடும்பத்துக்குப் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் தொழில். அப்பா காலத்திலிருந்து ஏப்ரல், மே மாதங்களில் வானத்தை அண்ணாந்து பார்க்காமல் நாங்கள் ஒரு முளைகூட அடித்ததில்லை.

முதலில் அந்தச் செய்தியைப் பற்றி. அது பருவகால முன்கணிப்பு. மூன்று மாதங்களில் பெய்யப்போகும் மொத்த மழை வழக்கத்தைவிடக் கூடுமா, குறையுமா என்று ஒரு பெரிய நிலப்பரப்புக்குச் சொல்கிற வாய்ப்புக் கணக்கு. உங்கள் வரவேற்பு நாளன்று மாலை ஆறு மணிக்கு என்ன ஆகும் என்பதற்கு அதில் பதிலே கிடையாது. பெங்களூரு நகரத்தின் ஏப்ரல் மாதச் சராசரி சுமார் 62 மில்லிமீட்டர், மே மாதத்துக்குச் சுமார் 129. இந்தச் சராசரியை வைத்துப் பந்தல் போட முடியாது. 2001 ஏப்ரல் 19 அன்று ஒரே நாளில் 108.6 மில்லிமீட்டர் கொட்டியது. 2024 ஏப்ரல் முழுவதும் நகர வானிலை நிலையத்தில் மழையே பதிவாகவில்லை. 41 ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை என்றார்கள். அந்த மாதம் எங்களுக்குத் துணிப் பந்தலே போதுமாக இருந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைப்பதுதான் கல்யாண வீடுகளில் பெரும்பாடாகிவிட்டது. அடுத்த ஆண்டே மே மாதத்தில் 307.9 மில்லிமீட்டர்! ஊரே மிதந்தது.

இந்த மழை பருவமழை மாதிரி நாள் முழுக்கத் தூறுவதில்லை. காலையிலிருந்து வெயில் தரையைச் சுடவைக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தச் சூட்டில் மேலே கிளம்பி, பிற்பகலில் காலிஃபிளவர் போல மேகமாகக் குவிகிறது. நான்கு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் உடைந்து கொட்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். எலகங்காவில் வெள்ளம், ஜெயநகரில் தூசி என்பதெல்லாம் இங்கே சாதாரணம். மாம்பழ மழை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிக்கமகளூர் காப்பித் தோட்டக்காரர்களுக்குச் செடி பூக்க இது வேண்டும். வரவேற்பு வைத்தவர்களுக்கு வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜீவன்பீமா நகரில் ஒரு மைதானத்தில் வரவேற்பு. "கோடையில் என்ன மழை தம்பி, துணியே போதும்" என்றார் பெண்ணின் அப்பா. தகரப் பந்தலுக்குக் கூடுதல் வாடகை கேட்கக் கூச்சப்பட்டு நானும் தலையாட்டினேன். தவறு என்னுடையதுதான். ஐந்து மணி வரை கண்ணைக் கூசும் வெயில். பிறகு இலைகூட அசையாமல் ஒரு புழுக்கம். சட்டென்று முதுகில் சில்லென்று ஒரு காற்று பட்டது. அது பட்டால் உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் மிச்சம்; மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று மழைக்கு முன்னால் ஓடி வருகிறது என்று பொருள். துணிப் பந்தலைப் பிய்த்தெறிவது மழையைவிட அந்தக் காற்றுதான். எங்கள் பந்தல் காற்றுக்குத் தப்பியது, தண்ணீருக்குத் தப்பவில்லை. துணியில் நீர் தேங்கித் தொப்பை போட்டது. பையன்கள் மூங்கிலால் கீழிருந்து குத்தித் தள்ளினார்கள். தள்ளிய தண்ணீர் அடுத்த மடிப்பில் போய்த் தேங்கியது. கடைசியில் மேடைக்கு நேர் மேலே கிழிந்தது. மழை விட்டபோது நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீர், அதில் இரண்டு மூன்று ஆலங்கட்டிகள். கன்னடத்தில் இதை ஆலிக்கல்லு என்பார்கள். பழந்தமிழிலும் ஆலி என்றால் இதுதான். அன்று இலக்கியம் பேசும் மனநிலையில் யாரும் இல்லை.

ஆகவே, முடிந்தால் விருந்தைப் பகலில் வைத்துவிடுங்கள். மாலைதான் என்றால், மண்டபமோ பள்ளிக்கூடமோ ஒட்டியிருக்கும் மைதானமாகப் பாருங்கள். தகரப் பந்தல் மழையைத் தாங்கும், மின்னலைத் தாங்காது. இடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். இரும்புக் கால்களைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். தூங்குமூஞ்சி மரமோ குல்மோஹரோ நிழல் தருகிறதே என்று அதன் கீழே சாப்பாட்டு மேசையைப் போடாதீர்கள். இந்தக் காற்றில் முதலில் முறிவது அவைதான். மழை பெய்தால் சுரங்கப் பாலங்கள் வழியாக வர வேண்டாம் என்று வெளியூர் விருந்தினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாலத்தில் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் இறந்தார்.

நாளன்று நான் பார்ப்பது இரண்டுதான். வானிலைத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வெளியிடும் எச்சரிக்கை ஒன்று, மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும் தாமினி செயலி இன்னொன்று. எச்சரிக்கையில் "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று" என்று வந்தால் அலங்கார வளைவையும் பேனர்களையும் இறக்கிவிடுவோம், யார் முகம் சுளித்தாலும்.

தகரப் பந்தலை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். முகூர்த்த நாளில் வானம் கறுத்த பிறகு கேட்டால் ஊரில் எந்தக் கடையிலும் ஒரு தகடுகூட மிஞ்சியிருக்காது.