தட்டில் தெரியும் மணல் குறையா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பட்டறை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1977-இல் வந்த ‘சஸ்பீரியா’ என்ற இத்தாலியப் பேய்ப்படத்தை வாலிப வயதில் வீடியோ கேசட்டில் பார்த்து மிரண்டவன். பிறகு டிவிடி வாங்கினேன். போன மாதம், டிவிடியைவிட நுணுக்கமாகப் படம் காட்டும் என்று 180 வெள்ளி கொடுத்து 4கே தட்டு வாங்கினேன். போட்டுப் பார்த்தால் படம் முழுக்க மணல் தூவினது போல் பொடிப்பொடியாக ஓடுகிறது. டிவிடியைவிட இருட்டாகவும் இருக்கிறது. டிவிடியில் ரத்தம் பளிச்சென்று அடிக்கும். இதில் அப்படி இல்லை. மகன் “ஏமாந்துட்டீங்கப்பா, திருப்பி அனுப்பிடுங்க” என்கிறான். நான் ஏமாந்தேனா?

பதில்: இல்லை ஐயா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஏமாறவில்லை. அந்த மணலும் சேர்த்துத்தான் 180 வெள்ளி.

பிலிம் சுருளில் படம் பதிவாவதே நுண்ணிய துகள்களால்தான். முகம், துணி, சுவர் எல்லாமே அந்தத் துகள்கள் கூடிச் செய்த உருவம். திரையில் அவை மெல்ல அலைவதைத்தான் கிரெயின் என்கிறார்கள். கம்ப்யூட்டரில் அதைத் துடைத்துவிட முடியும். ஆனால் அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை இல்லை அது. துகளைத் துடைக்கும்போது கன்னத்து ரோமமும் துணியின் நெசவும் சேர்ந்து போய்விடும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஈப்போவில் ஒரு கடையில், புதுப்பிக்கப்பட்டது என்று அட்டையில் பெரிதாகப் போட்ட ஒரு பழைய படத்தை வாங்கி வந்தேன். வில்லன் நடிகருக்குக் கன்னத்தில் அம்மைத் தழும்பு உண்டு. சின்ன வயதில் அந்தத் தழும்பைப் பார்த்தாலே எனக்குப் பயம். புதிய தட்டில் தழும்பைக் காணோம். மெழுகு பூசிய பொம்மைபோல் சிரிக்கிறார். கடைக்காரரிடம் கேட்டதற்கு, “எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க” என்றார். சுத்தம் வேறு, படம் வேறு என்பதை அவருக்கு என்னால் புரியவைக்க முடியவில்லை.

சரி, நல்ல கிரெயினையும் கெட்டதையும் எப்படிப் பிரிப்பது? ஒரு காட்சியை நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக, நகர்த்துங்கள். பிரேம் மாறும்போது துகளின் கோலமும் மாறினால் அது பிலிமிலிருந்து வந்தது. முகம் அசைந்தும் துகள்கள் அந்த இடத்திலேயே அழுக்குக் கண்ணாடிபோல் ஒட்டி நின்றாலோ, சின்னச் சின்னச் சதுரங்களாகக் கட்டிக்கொண்டாலோ அது தட்டு தயாரித்தவர்களின் குறை. அப்படி இருந்தால் திருப்பி அனுப்ப உங்களுக்குக் காரணம் உண்டு.

அடுத்தது ரத்தம். எனக்கு இதுதான் முக்கியம். இந்தப் படத்தில் கொலையைவிட நிறம்தான் ஆளை மிரட்டுகிறது. இயக்குநர் தாரியோ அர்ஜெண்டோ ஒளிப்பதிவாளர் லூசியானோ தோவோலிக்கு முன்மாதிரியாகக் காட்டியது, டிஸ்னியின் 1937-ஆம் வருட ‘ஸ்னோ ஒயிட்’ கார்ட்டூனை. தோவோலி பெரிய பெரிய சட்டங்களில் நிறத் துணிகளைக் கட்டி, விளக்குக்கு முன்னால், நடிகர் முகத்துக்கு மிக அருகில் வைத்து ஒளி பாய்ச்சினார். இதோடு நிற்கவில்லை. திரையரங்குப் பிரதிகள் ரோமில் டெக்னிகலர் சாயம் ஒற்றும் முறையில் எடுக்கப்பட்டன. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது நிறத்துக்கொரு தகடு வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்கிறார்களே, அதுபோல மஞ்சள், மெஜந்தா (ஊதாச் சிவப்பு), சயான் (பச்சை நீலம்) என்ற மூன்று சாயங்களையும் பிலிமில் ஒற்றுவார்கள். அந்த முறையில் பிரதி எடுத்த கடைசிப் படங்களில் இது ஒன்று. அந்தச் சாயம் லேசில் வெளிறாது.

நம் தோட்டங்களில் திரை கட்டிப் படம் காட்டிய காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் தோட்டத்தில் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். போஸ்டரில் ‘ஈஸ்ட்மென் கலர்’ என்று கொட்டை எழுத்து. ஆனால் ஊர் ஊராகச் சுற்றி வந்த பிரதியில் வானமும் ரோஜா நிறம், பச்சைப் புடவையும் ரோஜா நிறம். அந்தக் கால ஈஸ்ட்மென் பிரதிகளில் சயான் சாயம் முதலில் வெளிறிவிடும், மிஞ்சுவது சிவப்புதான். பால்மரத்து இலைகூட சிவந்திருப்பதைப் பார்த்து, அந்த ஊரில் மரமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பியவன் நான்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ‘சஸ்பீரியா’வின் நெகட்டிவும், அதாவது கேமராவில் ஓடிய மூலச் சுருளும், சாதாரண ஈஸ்ட்மென் நெகட்டிவ்தான். அந்தக் கடும் நிறம் பாதி விளக்கிலிருந்து வந்தது, பாதி பிரதி எடுத்த விதத்திலிருந்து வந்தது. ஆகவே நெகட்டிவை 4கே தரத்தில் ஸ்கேன் செய்தால் மட்டும் 1977-ஆம் வருடத்துப் படம் கிடைத்துவிடாது. அன்று திரையில் எப்படி இருந்தது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நிறத்தைச் சரிசெய்ய வேண்டும். அமெரிக்காவின் சைனாப்ஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பதிப்பில் தோவோலியே நிறத் திருத்தத்தை மேற்பார்வையிட்டார். 2019-இல் வந்த அவர்களுடைய 4கே தட்டும் அந்தப் பதிப்பிலிருந்துதான். அதே நெகட்டிவை வைத்து ஜெர்மனியின் டிஎல்இ நிறுவனம் தனியாக இன்னொரு புதுப்பிப்புச் செய்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் நிறம் வேறுபடும். ஆகையால் அட்டையில் ‘4கே’ என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். யார் மேற்பார்வையில், எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்று பின்பக்கச் சிறிய எழுத்தில் தேடுங்கள். அந்த விவரமே இல்லாத தட்டுக்கு நான் முழு விலை கொடுக்க மாட்டேன்.

உங்கள் டிவிடியில் ரத்தம் ‘பளிச்’ என்று அடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிவிடி ஒரு பிரேமில் வெளிச்சத்தை அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளிகளாகப் பதிகிறது. நிறத்தையோ வெறும் 360-க்கு 288. நாலில் ஒரு பங்குதான். மற்ற காட்சிகளில் இது கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சமே உருவத்தைத் தாங்கிவிடும். ஆனால் அறை முழுக்கச் சிவப்பு விளக்கு எரியும்போது வெளிச்ச வித்தியாசம் குறைவு. உருவத்தைக் காட்ட வேண்டியது நிறம்தான். அதுவே கால் பங்கு என்றால் சிவப்பு ஒரே பூச்சாக அப்பிவிடும். நாம் அந்தப் பூச்சுக்குப் பழகி, அதையே பளிச் என்கிறோம். 4கே தட்டில் நிறத்துக்கு மட்டுமே 1920-க்கு 1080 புள்ளிகள் உண்டு.

சோதிக்க ஒரு காட்சி சொல்கிறேன். மேலிருந்து புழு கொட்டுகிற ரகளைக்குப் பிறகு, நடனப் பள்ளி மாணவிகள் எல்லாரும் நடனக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. விளக்கை அணைத்ததும் கூடம் முழுக்கச் சிவப்பாகிறது. ஒரு துணிக்குப் பின்னால் யாரோ படுத்திருக்கும் நிழல். டிவிடியில் அந்தத் துணி சிவப்புச் சுவர் மாதிரி இருக்கும். நல்ல தட்டில் துணியின் மடிப்பு தெரியும். மடிப்புக்குள் சிவப்பு கறுத்துப்போய், மேட்டில் வெளுத்திருக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் பெண்ணின் கழுத்துக்கும் தலையணைக்கும் நடுவே கோடு தெரியும். அந்த மடிப்பு உங்கள் தட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மகனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு கண் தெரியாத பியானோக்காரர் நாயோடு இரவில் பெரிய சதுக்கத்தைக் கடக்கும் இடம். அங்கே கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும். சாம்பல் நிறமாக வெளுத்தாலும் தவறு, தூண்களின் ஓரம்கூடத் தெரியாமல் மையாக இருந்தாலும் தவறு.

இருட்டாகத் தெரிவது பெரும்பாலும் டிவியின் வேலை. 4கே தட்டில், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வித்தியாசம் காட்டும் எச்டிஆர் என்ற முறையில் ஒளி பதிவாகியிருக்கும். விலை குறைந்த டிவிகள் அட்டையில் எச்டிஆர் என்று போட்டிருந்தாலும் அந்த ஒளியைக் கொடுக்கத் திராணி இல்லாமல் படத்தையே மங்கலாக்கிவிடும். முதலில் டிவியில் ‘விவிட்’ அமைப்பிலிருந்து ‘மூவி’ அல்லது ‘பிலிம்மேக்கர்’ அமைப்புக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸை அடியோடு குறையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் இருட்டு என்றால், கருவியின் மெனுவில் எச்டிஆரை அணைத்துப் பார்க்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள். இதற்கெல்லாம் காசு செலவில்லை, தட்டைத் திருப்பி அனுப்பும் முன் செய்துவிடுங்கள்.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சைனாப்ஸ் பதிப்பில் 1977-ஆம் வருட ஆங்கில நான்கு தட ஒலியும் இருக்கிறது. புதிய ஒலிக்கலவையை விட்டுவிட்டு ஒருமுறை அதைப் போட்டுக் கேளுங்கள். காப்ளின் குழுவின் இசை காதோரம் கிசுகிசுப்பதுபோல் வரும்.

கேள்வி: அதே படத்தின் பழைய ஐரோப்பிய டிவிடி என்னிடமும் உண்டு. அதில் 94 நிமிடம். புதிய தட்டில் 98 நிமிடம். அந்த நாலு நிமிடக் கொலைக் காட்சியை வெட்டிவிட்டார்களா, சார்?

பதில்: வெட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை, தம்பி. சினிமா ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் இருந்த பழைய பிஏஎல் டிவி முறை 25 பிரேம். டிவிடி செய்தவர்கள் படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி ஒத்துப்போக வைத்தார்கள். 98-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 94 வரும். வேகம் கூடியதால் இசையின் சுருதியும் ஒரு அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும்.

ஆனாலும் அமெரிக்காவில் முதலில் வெளியானபோது இந்தப் படத்தின் வன்முறைக் காட்சிகள் குறைக்கப்பட்டது உண்மை. அதனால் சந்தேகம் தீர கையில் கடிகாரத்தோடு பாருங்கள். ஆரம்பத்தில் கதாநாயகி விமான நிலையத்திலிருந்து வெளியே வந்து மழையில் டாக்சி பிடிக்கும் காட்சி. புதிய தட்டில் அதில் ஏதாவது ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டு, அதே இடத்தை டிவிடியில் அளந்தால் 57 அல்லது 58 விநாடி வர வேண்டும். வந்தால் வேகம்தான் காரணம். இரண்டிலும் சரியாக 60 விநாடி ஓடி, மொத்த நேரம் மட்டும் குறைந்தால் எங்கோ கத்திரி விழுந்திருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நம் கருவியில் ஓடுமா? தப்பான தட்டு வந்தால் யாரிடம் போவது?

பதில்: ஒரு வட்டாரத்துத் தட்டு இன்னொரு வட்டாரக் கருவியில் ஓடாமல் இருக்க, நாடுகளை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். டிவிடிக்குப் பின் வந்த புளூ-ரே தட்டுக்கு மலேசியா ஏ மண்டலம்; அமெரிக்கா, ஜப்பான், கொரியாவும் அதுதான். ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. சென்னையிலிருந்து உறவினர் வாங்கி வரும் புளூ-ரே இங்கே ஓடாமல் போவது இதனால்தான். டிவிடிக்கு நாம் 3, அமெரிக்கா 1. 4கே தட்டுக்கு மண்டலத் தடை கிடையாது; ஆனால் சாதாரண புளூ-ரே கருவியில் அது ஓடாது, அதற்கென்றே உள்ள கருவி வேண்டும்.

500 வெள்ளிக்குள் இணையத்தில் வெளிநாட்டுப் பொருள் வாங்கினால் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரி உண்டு, அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் படங்களுக்கும் 2002-ஆம் வருடத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் பொருந்தும். இவ்வளவு ரத்தம் உள்ள படத்தின் பொட்டலத்தைச் சுங்கத்தில் நிறுத்தி வைக்கலாம் என்பது தெரிந்தே பணம் கட்டுங்கள். வீட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் தட்டை வையுங்கள்.

உள்ளூர் விற்பனையாளர் ‘புதிய 4கே பதிப்பு’ என்று விளம்பரம் செய்து, கம்ப்யூட்டரில் எழுதிய நகலை அனுப்பியிருந்தால், தட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய இடமும் எழுதாத இடமும் இரண்டு வளையமாகப் பிரிந்து தெரியும். விற்ற பொருள் சொன்ன விளக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது 1999-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. விளம்பரப் பக்கத்தையும் பணம் கட்டிய ரசீதையும் முதலில் போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தை அவர்கள் அழித்துவிடுவார்கள். விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் நுகர்வோர் கோரிக்கை தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம். 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை மூன்று ஆண்டுகளுக்குள் கொண்டுபோக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே போய்ப் பேசலாம். போகும்போது தட்டையும் எடுத்துப் போங்கள்.