விமான தூரமும் நேரமும்: வாசகர் கேள்வி-பதில்

மதுரை–சென்னை தூரம் எவ்வளவு? ஜெட் 800 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால் அரை மணியில் இறங்க வேண்டாமா?
நேர்கோட்டில் 420 கி.மீ. அந்த 800 என்பது மேலே ஏறி நிலைகொண்ட பிறகு எட்டும் வேகம். இந்தத் தூரத்துக்கு ஏறுவதும் இறங்குவதும்தான் பெரும்பகுதி. டிக்கெட் நேரத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் சேர்த்தி. ஜெட் என்றால் தூரத்தை 800-ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டுங்கள். ஏடிஆர் (விசிறி சுழலும் சிறிய விமானம்) என்றால் 500-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள்.

தூத்துக்குடி–சென்னை?
530 கி.மீ. ஏடிஆரில் ஒன்றரை மணி. கணக்கை மேலே பாருங்கள்.

சென்னைக்கு வரும்போது மட்டும் சில நாள் கூடுதலாகப் பத்து நிமிடம் சுற்றுகிறார்களே?
காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். மேற்குக் காற்று நாட்களில் கடல் பக்கமிருந்து வந்து இறங்குவார்கள். மதுரையிலிருந்து வருகிற விமானம் ஊரைச் சுற்றிக்கொண்டு போகாமல் வேறு வழியில்லை.

கோவை–மதுரை விமானத்தில் 40 நிமிடம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. டிக்கெட் மட்டும் அகப்படவில்லை. எப்படி எடுப்பது?
எடுக்க முடியாது. நேரடி விமானமே இல்லை. இந்தத் தூரக் கணக்குப் பக்கங்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம். இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டால் ஒரு தூரம் வரும். அதை ஒரு வேகத்தால் வகுத்தால் ஒரு நேரம் வரும். அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்று அவை பார்ப்பதில்லை. நேர்கோட்டில் 175 கி.மீ. இருக்கும், உண்மைதான். ஆனால் நீங்கள் போகப்போவது கோவை–சென்னை 400, சென்னை–மதுரை 420, நடுவே சில மணி நேரக் காத்திருப்பு. அதற்குள் பேருந்திலேயே மதுரை போய்ச் சாப்பிட்டிருக்கலாம். அப்படியும் பறந்தே தீருவேன் என்றால் இரண்டு தடத்தையும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், எடுங்கள். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் காசு போனதுதான்.

திருச்சிக்கு எடுத்த டிக்கெட்டில் டிஆர்வி என்றிருக்கிறது. தூரமும் பொருந்தவில்லையே?
பொருந்தாது, அது திருவனந்தபுரம். திருச்சி என்றால் டிஆர்இஸட். பணம் கட்டும் முன் ஊர்ப் பெயரையாவது படிக்கக்கூடாதா?

யாழ்ப்பாணம் தூரமா, மதுரை தூரமா?
சென்னையிலிருந்து பார்த்தால் யாழ்ப்பாணம்தான் பக்கம். அங்குள்ள பலாலி விமான நிலையம் 355 கி.மீ., ஏறக்குறைய நேர் தெற்கே, பெரும்பாலும் கடல்மேல். ஆனால் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், குடியகல்வு வரிசை எல்லாம் உண்டு. மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மதுரையிலிருந்து வந்து மாறுகிறவர்கள், மறுபடியும் சொல்கிறேன், முடிந்தால் ஒரே பி.என்.ஆர்.

திருச்சியில் இரவு 1 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 8 மணி. ஏழு மணி நேரப் பயணமா?
நாலரைதான். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம்.