கீழேதான் இருந்தேன்

அன்புள்ள ஐயா,

அப்பா கடற்படையில் ஸ்டோக்கராக, அதாவது கப்பலின் பாய்லர்களைக் கவனிப்பவராக இருந்தவர். 1971 போரின்போது விக்ராந்த் விமானம் தாங்கிக் கப்பலில் இருந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டால், "கீழேதான் இருந்தேன்" என்பார், அதோடு சரி. கடைசிக் காலத்தில் பேச்சே குறைந்துவிட்டது. டிவி சத்தம் மட்டும் தெருமுனை வரை கேட்கும். வருகிற திதிக்கு, பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியை மூழ்கடித்த கப்பலில் இருந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?

ச., நாகர்கோவில்

அன்புள்ள ச.,

முதலில் அந்தக் காஸி வரியை எடுத்துவிடுங்கள். விக்ராந்தைத் தேடித்தான் அது வந்தது. கப்பலையோ அதற்கு முன்பே அந்தமான் பக்கம் கொண்டுபோய் மறைத்துவிட்டார்கள். டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியபோது அங்கே இருந்தது நம் இன்னொரு போர்க்கப்பல், ஐஎன்எஸ் ராஜ்புத். அது போட்ட குண்டில் மூழ்கியதா, உள்ளேயே ஏதாவது வெடித்ததா என்பதில் இரண்டு நாடுகளும் ஆளுக்கொன்று சொல்கின்றன. அந்த வழக்கு நமக்கு எதற்கு?

உங்கள் அப்பா சொன்ன "கீழே"தான் விஷயமே. விக்ராந்துக்கு நான்கு பாய்லர்கள். ஒன்றில் விரிசல். வேகம் குறைந்த கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்று மேலே பெரிய விவாதமே நடந்தது. காற்றை எதிர்த்துக் கப்பல் வேகமாக ஓடினால்தான் விமானம் எழும்பும். விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபல்ட்டுக்கும் நீராவிதான் வேண்டும். டிசம்பர் 4-ஆம் தேதி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கப் போன ஸீ ஹாக் விமானங்களைத் தூக்கிவிட்டது, வெளிச்சமே பார்க்காமல் கீழே நின்றவர்கள் கொடுத்த நீராவி. விமானிகளுக்குப் படம் இருக்கிறது. பாய்லர் அறைக்குள் யார் கேமராவோடு இறங்கினார்கள்?

சரி, அந்த டிசம்பரில் அவர் கப்பலில்தான் இருந்தாரா என்பதைக் காகிதத்தில் பார்த்துவிடுங்கள். பெட்டியில் மெடல் இருந்தால் எடுங்கள். பூர்வி ஸ்டார் என்றால் கிழக்குப் போர்முனை. பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு, அதாவது புத்தகத்தின் கதையே மாறிவிடும். டிஸ்சார்ஜ் காகிதங்களில் எங்கெங்கே பணியாற்றினார் என்று தேடுங்கள். அதில் ஐஎன்எஸ் என்று போட்டதெல்லாம் கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். என் சித்தப்பா "சிவாஜியில் இருந்தேன்" என்பார். அது பெரிய போர்க்கப்பல் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பிறகு பார்த்தால் ஐஎன்எஸ் சிவாஜி லோனாவாலா மலையில் இருக்கும் பயிற்சி நிலையம். கடலே கிடையாது.

காகிதம் எதுவும் இல்லையென்றால், அம்மாவின் குடும்ப பென்ஷன் ஆணையில் அப்பாவின் சர்வீஸ் நம்பர் இருக்கும். அதை வைத்து மும்பை மான்குர்டில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸுக்கு வாரிசு என்ற முறையில் எழுதுங்கள். மாலுமிகளின் பணிப் பதிவுகள் அங்கேதான். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம். பதில் வரத் தாமதமானால் திதி தேதிக்காக எதையும் ஊகித்து எழுதாதீர்கள்; அடுத்த வருடத் திதிக்குப் புத்தகம் வரட்டும்.

அப்புறம் அந்த டிவி. பாய்லர் அறை இரைச்சலில் பல வருடம் நின்றவர்களுக்குக் காது மந்தமாவது சாதாரணம். சித்தப்பாவிடம் நாங்கள் கத்தித்தான் பேசுவோம். உங்கள் அப்பா முதல் லீவில் வந்தபோதே சத்தமாகப் பேச வேண்டியிருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.