மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. எடை 78 கிலோ. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. சென்ற மாதம் செய்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 108, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 5.9 என்று வந்தது. பயந்துபோய் சோறு, ரொட்டி, கிழங்கு, பருப்பு, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். முட்டை, இறைச்சி, பாலாடைக்கட்டி, கொஞ்சம் கீரை, இவ்வளவுதான் உணவு. முதல் இரண்டு வாரத்தில் 3 கிலோ குறைந்தது. அதன் பிறகு எடை அசையவில்லை. தலைவலி, மலச்சிக்கல், காரணமே இல்லாத எரிச்சல். மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) உண்மையிலேயே உடலுக்கு நஞ்சா? வாழ்நாள் முழுவதும் இப்படியே சாப்பிட வேண்டுமா? இன்சுலினும் மாத்திரையும் எடுத்துக்கொள்ளும் என் அம்மாவும் (வயது 68) என்னைப் பார்த்து இதே முறைக்கு மாற விரும்புகிறார். மாறலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதுதான் அவசரமானது.

உங்கள் அம்மா, அவருக்கு மருந்து எழுதித் தரும் மருத்துவரிடம் கேட்காமல் இந்த உணவு முறையைத் தொடங்கவே கூடாது. அவர் போட்டுக்கொள்ளும் இன்சுலினின் அளவு, அவர் இப்போது சாப்பிடும் மாவுச்சத்தைக் கணக்கில் வைத்து முடிவு செய்யப்பட்டது. உணவைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கிளிமெபிரைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரைகளிலும் இதே ஆபத்து உண்டு. 68 வயதில் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்தால், மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதில்கூடப் போய் முடியலாம். இன்னொன்றையும் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’ என முடியும் மாத்திரை எதையாவது அவர் எடுத்துக்கொள்கிறாரா? அந்த மருந்தோடு மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே இருக்கக்கூடும் என்பதால், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், கடும் சோர்வு ஆகியவற்றை வேறு ஏதோ என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் அம்மாவின் மருந்துப் பெட்டியை எடுத்துப் பாருங்கள்.

இனி உங்களைப் பற்றி. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்பதைச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறோம். நீங்கள் அந்த வாசலில்தான் நிற்கிறீர்கள். பயந்தது நியாயம்தான். ஆனால் இந்தக் கட்டத்தில் என்ன செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு மருத்துவத்தில் மிக உறுதியான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் சுறுசுறுப்பாக நடப்பது, இந்த இரண்டும்தான் அதில் பங்கேற்றவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கு. அந்த வழியில் சென்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது. மாவுச்சத்தை அடியோடு விடும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் எடையில் 7 சதவீதம் என்றால் ஐந்தரைக் கிலோ. எட்டக்கூடிய தூரம்தான்.

அந்த 3 கிலோ எங்கே போனது, பிறகு எடை ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் மனச்சோர்வு பாதி தீரும். நாம் சாப்பிடும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறுகிறது. உடனே தேவைப்படாத குளுக்கோஸை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகளில் 300 முதல் 400 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தினால் சில நாள்களில் இந்தச் சேமிப்பில் பெரும்பகுதி கரைந்து, கூடவே அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகமும் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியே தள்ளும். ஆக, முதல் இரண்டு வாரத்தில் தராசு காட்டிய இறக்கத்தில் பெரும்பகுதி நீர். உங்கள் தலைவலிக்கும் சோர்வுக்கும் இந்த உப்பு, நீர் இழப்பே முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். நீங்கள் எதிலும் தவறிவிடவில்லை. கொழுப்பு எப்போதும் கரையும் மெதுவான வேகத்தில்தான் கரைகிறது.

மாவுச்சத்து நஞ்சா என்றால், இல்லை. உடல் எடையில் இரண்டு சதவீதம்கூட நிறைவாக இல்லாத மூளை, ஓய்வு நேரத்தில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வழக்கமான உணவு சாப்பிடும் ஒருவரின் மூளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் செலவாகிறது. உணவில் கிடைக்காவிட்டால் கல்லீரல் புரதத்திலிருந்து குளுக்கோஸைத் தயாரிக்கும், கீட்டோன்களையும் மாற்று எரிபொருளாகக் கொடுக்கும். அதனால்தான் நீங்கள் மயங்கி விழாமல் நடமாடுகிறீர்கள். அவசரக் காலத்துக்கு உடல் வைத்திருக்கும் அருமையான ஏற்பாடு அது. அதையே அன்றாட வழியாக்க உங்களுக்கு இப்போது எந்தத் தேவையும் இல்லை.

மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுக்கு மருத்துவத்தில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1921-இலேயே வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக அது முன்வைக்கப்பட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும், கண்காணிப்போடு, பயன்படுகிறது. சர்க்கரை நோயாளிகள் மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை அளவு இறங்குவதும் உண்மை. ஆறு மாதத்தில் தெரியும் அந்த ஆதாயம் ஓராண்டாகும்போது பெரும்பாலும் தேய்ந்துவிடுகிறது, ஏனென்றால் அவ்வளவு கடுமையான உணவில் நெடுநாள் நிலைத்து நிற்பது மிகச் சிலருக்கே முடிகிறது. எடை விஷயத்திலும் இப்படித்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மற்றதற்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளிவந்த முடிவு: முதல் குழு சராசரியாக 5.3 கிலோ, இரண்டாம் குழு 6 கிலோ குறைந்திருந்தது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு குழுவுக்கும் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்று உண்டு: காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் தீட்டிய மாவையும் விலக்குங்கள். என் கணிப்பில், பலன் தந்ததில் பெரும்பங்கு அந்த அறிவுரைக்குத்தான்.

ஆகவே உங்கள் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட விரும்புகிறேன். ‘மாவுச்சத்து வேண்டுமா வேண்டாமா’ என்று கேட்பதைவிட, ‘எந்த வடிவில், எதோடு சேர்ந்து வருகிறது’ என்று கேளுங்கள். குளிர்பானத்தில் இருக்கும் சர்க்கரையும் அவித்த பயற்றில் இருக்கும் மாவுச்சத்தும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். 330 மில்லி கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. மென்று தின்ன ஒன்றும் இல்லை, தடுத்து நிறுத்த நார் இல்லை, சில நிமிடங்களில் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். 100 கிராம் வெந்த பருப்பில் 20 கிராம் மாவுச்சத்து உண்டு. அதிலேயே 8 கிராம் நார். கூடவே 9 கிராம் புரதம். நார் செரிமானத்தை மெதுவாக்குகிறது, புரதம் வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது. நீங்கள் பருப்பையும் சர்க்கரையையும் ஒரே தட்டில் வைத்து இரண்டையும் தள்ளிவிட்டீர்கள். எனக்கு இதில்தான் வருத்தம்.

உங்கள் மலச்சிக்கலுக்கும் காரணம் இதுவே. நார் என்பதும் மாவுச்சத்து வகையைச் சேர்ந்ததுதான். நம் குடல் அதைச் செரிக்காது, ஆனால் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உண்டு பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். கரையும் வகை நார் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்-ஐயும் குறைக்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார், 400 கிராம் காய்கறியும் பழமும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. பருப்பு, முழுத்தானியம், பழம் மூன்றையும் விட்டுவிட்டுக் கொஞ்சம் கீரையைக்கொண்டு 25 கிராமை எட்டவே முடியாது.

பழத்தைப் பற்றித் தனியாகக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். முழுப் பழம் உங்களுக்குத் தடையில்லை. ஒரு நடுத்தர ஆப்பிளில் 25 கிராம் மாவுச்சத்து, 4 கிராமுக்கு மேல் நார். கடித்துத் தின்னச் சில நிமிடம் ஆகும், ஒன்றோடு போதும் என்று வயிறு சொல்லும். அதையே சாறாக்கி வடிகட்டினால் மூன்று நான்கு பழத்தின் சர்க்கரை ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் தேனையும் பழச்சாற்றையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. அவை எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2000 கலோரி உணவில் 5 சதவீதம் என்பது 25 கிராம். மேலே சொன்ன ஒரு கோலா அதைத் தாண்டிவிடுகிறது.

கிளைசிமிக் குறியீட்டை வைத்து உணவைத் தேர்ந்தெடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1981-இல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் அறிமுகம் செய்த அளவீடு அது. குளுக்கோஸை 100 என்று வைத்து, மற்ற உணவுகள் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகின்றன என்று ஒப்பிடுகிறது. உதவிதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளை ரொட்டிக்கு ஏறத்தாழ 75, முழுக்கோதுமை ரொட்டிக்கும் ஏறத்தாழ 74. தவிடு சேர்ந்திருந்தாலும் நைசாக அரைத்துவிட்டால் மாவு விரைவாகச் செரித்துவிடுகிறது. முழுக்கோதுமையில் நாரும் தாதுக்களும் அதிகம் என்பதால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆயினும் தானியம் முழு மணியாகவோ உடைத்த குருணையாகவோ இருப்பது இன்னும் நல்லது.

உங்களுக்கான அளவைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 1800 கலோரி என்று வைத்துக்கொண்டால், அதில் 40 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வரட்டும். கிராமுக்கு 4 கலோரி என்பதால் 180 கிராம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு அல்லது மீன், முட்டை, மீதிக் கால் பங்கு தானியம் என்று வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு பழமும் சாப்பிட்டால் தராசு இல்லாமலே இந்த அளவை நெருங்கிவிடலாம். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. எனவே சோறு வேண்டாம் என்பதில்லை, தட்டு முழுக்கச் சோறு வேண்டாம். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் தானியத்துக்கு வந்தால், உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று சிறிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. செலவில்லாத பழக்கம், செய்து பாருங்கள். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

நாளையே எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். குடல் நாரை மறந்திருக்கும். முதலில் பருப்பும் ஒரு பழமும், அடுத்த வாரம் தானியம் என்று படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரும் நிறையக் குடியுங்கள். இல்லாவிட்டால் வாயு சேர்ந்து வயிறு உப்பும். கிளைகோஜன் சேமிப்பு மறுபடி நிரம்பும்போது எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். அது வந்து சேரும் தண்ணீர்தான், கொழுப்பு அல்ல. அதைப் பார்த்துக் கலங்கி மறுபடியும் பட்டினியில் இறங்காதீர்கள். வாரம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவைக் குறித்துவைத்தால் உண்மை நிலை தெரியும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் தலைவலி நீடித்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். எச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், அடுத்த பரிசோதனையை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியும் பாலாடைக்கட்டியும் அதிகம் சாப்பிட்டிருப்பதால், அப்போது எல்டிஎல் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.