கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆடும் ஒரு ஆஃபென்சிவ் லைன்மேன் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்குத் தேறுவாரா என்று எப்படிக் கணிப்பது?

கேட்டவர் கூடவே ஒரு சந்தேகத்தையும் எழுதியிருக்கிறார்: லைன்மேன் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று எதிராளிகளைத் தடுப்பவர்) பந்தைத் தொடுவதில்லை, அவருக்கென்று ஓட்டக் கணக்கோ டச்டவுன் கணக்கோ கிடையாது, பிறகு எதை நம்பி டிராஃப்ட்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் சுற்றில் எடுக்கிறார்கள்? நியாயமான சந்தேகம். டிவியில் லைன்மேன் பெயரைச் சொல்வதே பெரும்பாலும் எதிராளியைப் பிடித்து இழுத்ததற்காக ஹோல்டிங் ஃபவுல் விழும்போதுதான்.

ஒவ்வொரு வருடமும் டிராஃப்ட்டுக்கு முன்னால் கல்லூரி ஆட்டங்களைப் பந்தை விட்டுவிட்டு லைனை மட்டும் பார்ப்பது என் வழக்கம். அப்படிப் பார்த்ததில் நான் உறுதியாக நம்புவது இது: ஒரு லைன்மேன் எதிராளியிடம் தோற்கத் தொடங்கும் அரை நொடியில் என்ன செய்கிறார் என்பதில்தான் அவருடைய எதிர்காலம் தெரியும். ஜெயிக்கும் இடங்கள் அவ்வளவு சொல்லாது. 320 பவுண்டு எடையுள்ள ஆள் கல்லூரியில் முக்கால்வாசிப் பேரை உடம்பாலேயே தள்ளிவிடுவார். என்எஃப்எல்லில் எதிரே நிற்பவர்கள் எல்லாருமே அப்படித் தள்ளியே வளர்ந்தவர்கள்.

அதனால் முதலில் கல்லூரி ஃபிலிமை, அதாவது ஆட்டப் பதிவுகளை, சலிக்க வேண்டும். இன்றைய கல்லூரி ஆட்டத்தில் பந்து கையைவிட்டு ரொம்பச் சீக்கிரம் போய்விடுகிறது. கோட்டுக்குப் பின்னால் நிற்பவருக்கே எறியும் ஸ்கிரீன், குறுகிய பாஸ், ஓடுவதா எறிவதா என்று குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆர்பிஓ என்று பாதி ஆட்டம் ஓடிவிடும். இந்த ஆர்பிஓவுக்கு விதியே உதவுகிறது: பாஸ் எறியும் ஆட்டத்தில் லைன்மேன் ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி 3 யார்டு வரை முன்னேறலாம் என்று கல்லூரி விதி விடுகிறது, என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ஆகவே கல்லூரியில் ஓட்டத்துக்குப் பிளாக் செய்வதுபோலவே முன்னால் பாய்ந்துவிட்டு, பின்வாங்கிக் காக்கும் வேலையைத் தொடாமலேயே ஒரு சீசனைக் கழிக்கிற டேக்கிள்கள் (லைனின் இரு ஓரங்களில் நிற்பவர்கள்) இருக்கிறார்கள். அவர்கள் சாக் (குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படுவது) எதுவும் கொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

சலித்தபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் எட்டுப் பத்து யார்டு வேண்டும், பாஸ்தான் என்று எதிரணிக்கும் தெரியும், குவார்ட்டர்பேக் பின்னால் போய் நின்று தேடுகிறார். இந்த இடங்களில் டேக்கிளின் கால்களைப் பாருங்கள். பின்வாங்கும்போது அடி சிறிதாக, தரையை ஒட்டி இருக்கிறதா? எட்ஜ் ரஷர் (குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் எதிராளி) வெளிப்பக்கம் வேகமெடுத்ததும் பயந்து இடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாரா? திருப்பிவிட்டால் உள்பக்கம் கதவு திறந்தாயிற்று. அப்புறம் புல் ரஷ், அதாவது நேராக மார்பில் மோதித் தள்ளுவது. முதல் மோதலில் எல்லாரும் ஓரடி பின்னால் போவார்கள், அது குற்றமில்லை. இரண்டாம் அடியில் இடுப்பை இறக்கி நின்றுவிடுகிறாரா, அல்லது குவார்ட்டர்பேக் மடியில் போய் விழுகிறாரா என்பதுதான் கேள்வி. ஏமாந்த கையை எடுத்து மறுபடி உள்ளே வைக்கத் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். கையைத் திரும்ப வைக்கத் தெரியாதவர்கள்தான் சட்டையைப் பிடித்து இழுத்து ஹோல்டிங் வாங்குகிறார்கள்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ராஷான் ஸ்லேட்டர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் லெஃப்ட் டேக்கிள். 2019 அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட் வந்து அவர்களை 52-3 என்று அடித்து நொறுக்கியது. அன்று ஒஹாயோ ஸ்டேட்டில் ஆடிய எட்ஜ் ரஷர் சேஸ் யங் அடுத்த டிராஃப்ட்டில் இரண்டாவது ஆளாகப் போனவர். ஸ்கோரைப் பார்த்தால் அந்த ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்னுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் ஸ்லேட்டரை முதல் சுற்றுக்கு உயர்த்தியதில் யங்கை அவர் தடுத்து நின்ற அந்த ஃபிலிமுக்குப் பெரிய பங்கு உண்டு. கொரோனா காரணமாக 2020 சீசனை அவர் ஆடவே இல்லை, அணிகள் அவரை எடைபோட்டது பழைய ஃபிலிமை வைத்துத்தான். 2021 டிராஃப்ட்டில் சார்ஜர்ஸ் அணி அவரை 13வது இடத்தில் எடுத்தது. முதல் வருடமே ப்ரோ பௌல், அதாவது நட்சத்திர வீரர்கள் அணியில் இடம்.

அவர்மீது இருந்த ஒரே குறை கை நீளம். 33 அங்குலம். டேக்கிளுக்கு 34 அங்குலம் வேண்டும் என்பது வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகளிடம் பல காலமாகப் புழங்கும் அளவு, அதனால் இவரை டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் கார்டாகத் தள்ள வேண்டும் என்று பலர் சொன்னார்கள். சார்ஜர்ஸ் அவரை லெஃப்ட் டேக்கிளிலேயே நிறுத்தியது. இந்த விதியைச் சும்மா மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. நீளக் கைக்காரர் எதிராளியின் மார்பை முதலில் தொடுவார், முதலில் தொட்டவருக்குத்தான் பிடி. 2014இல் கௌபாய்ஸ் எடுத்த ஸாக் மார்ட்டினுக்கு 32 7/8 அங்குலம். நோட்ர டேமில் லெஃப்ட் டேக்கிளாக இருந்தவரைக் கார்டாக்கினார்கள், அவர் ஏழு முறை முதல் அணி ஆல்-ப்ரோ (அந்த வருடத்தின் சிறந்த வீரர்கள் பட்டியல்) ஆனார். இரண்டு அணிகளும் செய்தது சரி. கை நீளத்தைப் பார்த்ததும் ஃபிலிமிடம் போய் இதைக் கேட்க வேண்டும்: கை எட்டாத தூரத்தைக் கால் ஈடுகட்டுகிறதா? இன்னொன்று, அளக்கும் டேப்பும் தெய்வவாக்கு இல்லை. எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தின் வில் கேம்பெல்லுக்கு 2025இல் கம்பைனில் (டிராஃப்ட்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் முகாம்) 32 5/8, பல்கலைக்கழகத்திலேயே நடந்த ப்ரோ டே சோதனையில் 33. பேட்ரியட்ஸ் அவரை நான்காவது ஆளாக எடுத்தது.

இண்டியானபோலிஸ் கம்பைனில் நடக்கும் மற்றச் சோதனைகளையும் இப்படித்தான் பார்ப்பேன். ஆர்லாண்டோ பிரவுன் 2018இல் 40 யார்டை 5.85 நொடியில் ஓடினார், பெஞ்ச் பிரஸ்ஸில் 225 பவுண்டை 14 தடவைதான் தூக்கினார். முதல் சுற்று என்று பேசப்பட்டவர் மூன்றாம் சுற்றில் ரேவன்ஸிடம் போனார். பிறகு பல ப்ரோ பௌல், சீஃப்ஸுடன் ஒரு சூப்பர் பௌல் வெற்றி. எந்த லைன்மேனும் ஆட்டத்தில் நேராக 40 யார்டு ஓடுவதில்லை. முதல் 10 யார்டு நேரமும், பக்கவாட்டு ஷட்டில் ஓட்டமும் எனக்கு அதைவிட முக்கியம்.

எளிதாக விட்டுப்போகிற ஒரு விஷயம் வயது. பெனே சூவல் 2019இல் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லண்ட் விருதை வாங்கியபோது அவருக்கு 19 வயது. தன்னைவிட மூத்தவர்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். லயன்ஸ் அவரை ஏழாவதாக எடுத்து ரைட் டேக்கிளில் நிறுத்தியது, அந்த இடத்தில் அவரோடு ஒப்பிட ஆள் குறைவு என்று பெயரெடுத்தார். இதே தள்ளலை 24 வயதில் ஆறாவது வருடம் ஆடும் ஒருவர் 19 வயதுப் பையன்களிடம் காட்டினால், நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். காயம், முழங்கால் மருத்துவ அறிக்கை எல்லாம் அணிகளின் மருத்துவர்களுக்கு மட்டுமே தெரியும். அங்கே ரசிகர்கள் ஊகித்துப் பயனில்லை.

நீங்களே முயன்று பார்க்க விரும்பினால், அந்த வீரரின் சுலபமான ஆட்டங்களைத் தொடாதீர்கள். அவர் சந்தித்த மிகச்சிறந்த எட்ஜ் ரஷர் யார் என்று தேடி அந்த ஒரு ஆட்டத்தை எடுங்கள். முதல் தடவை இடுப்புக்குக் கீழே மட்டும், இரண்டாம் தடவை கைகளை மட்டும் பாருங்கள். எண்ட் ஸோன் (மைதானத்தின் கடைக்கோடி) பக்கத்திலிருந்து எடுத்த ரீப்ளே வந்தால் அங்கே நிறுத்துங்கள். எதிரணி இருவர் குறுக்கே இடம் மாறி வரும் ஸ்டண்ட் அந்தக் கோணத்தில்தான் தெளிவாகத் தெரியும். தன் ஆளைப் பக்கத்துக் கார்டிடம் ஒப்படைத்துவிட்டுப் புதிதாக வருபவரை நோக்கி எத்தனை சீக்கிரம் கண்ணைத் திருப்புகிறார் என்று பாருங்கள்.